அனுமதியை விற்கும் தொழில்

(புகைப்படக் கலை ஆர்வலர்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசும்படி எனக்கு அளிக்கப்பட்ட விஷயம் கலையைப் பற்றியது என்பதைக் காட்டிலும் வியாபாரத்தைப் பற்றியது என்றே சொல்ல வேண்டும். கேமரா வைத்திருக்கும் வாலிபர் எவரேனும் என்னைச் சந்தித்தால், நலம் விசாரித்த மறு வாக்கியத்திலேயே, "சார், படத்தை ஸ்டாக் தளத்தில் ஏற்றினால் டாலர் வருமாமே, நிஜந்தானா?" என்று கேட்டுவிடுகிறார். நிஜந்தான், வருகிறது. எவ்வளவு வருகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த டாலருக்குப் பதிலாக நாம் கொடுப்பது என்ன என்ற கேள்வியை அவர்களில் அநேகர் கேட்பதில்லை. படத்தைக் கொடுக்கிறோம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். படம் நம்மிடமே இருக்கிறது. அதன் பாத்தியதையும் நம்முடையதே. நாம் விற்பதெல்லாம் அதை உபயோகித்துக்கொள்ளும் அனுமதி ஒன்றைத்தான். கடந்த நூறு வருஷங்களாக இந்தத் தொழிலில் நடந்திருப்பது, அந்த அனுமதியின் எல்லை விரிந்துகொண்டே போனதும், அதன் விலை சுருங்கிக்கொண்டே வந்ததுமே என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் இன்று உங்கள் முன்னிலையில் ருசுப்படுத்த முயல்கிறேன்.

முதலில், ஸ்டாக் படம் என்பது இன்னதென்று வரையறுத்துக்கொள்வோம். கல்யாண வீட்டார் அழைத்து நாம் எடுக்கும் படத்துக்கு, ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே உரியவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டாக் படமோ யாரும் கேளாமலே எடுத்துச் சேமித்து வைக்கப்படுவது. என்றைக்கோ ஒரு நாள், எங்கேயோ இருக்கும் ஒரு விளம்பரக் கம்பெனிக்கோ, பாடநூல் பதிப்பாளருக்கோ, இன்ஷூரன்ஸ் துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறவருக்கோ தேவைப்படக்கூடும் என்ற நம்பிக்கையின் பேரில் காத்திருப்பது. நம் ஊர்க் கடைத்தெருவில், பல் வைத்தியரின் ஃப்ளெக்ஸ் பலகையில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்தார் அந்த வைத்தியரிடம் ஒரு நாளும் வந்தவர்களல்லர். அவர்கள் ஒரே குடும்பத்தார்தாமா என்பதும் சந்தேகமே. நாள் கூலிக்கு அழைக்கப்பட்ட நால்வரைச் சேர்த்து நிறுத்தி எவரோ எடுத்த அந்தப் படம், அதே சிரிப்போடு வேறொரு தேசத்தில் வீட்டுக் கடனுக்கும், மற்றொரு தேசத்தில் காலைச் சிற்றுண்டி மாவுக்கும் விளம்பரமாகிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த வியாபாரம் இணையத்தோடு பிறந்ததன்று. 1920ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் எச். ஆர்ம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் என்பவர் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பெர்லின் அரசாங்கக் கலை நூலகத்தில் அரிய நூல்களின் காப்பாளராக இருந்து, யூதர் என்ற காரணத்தால் ஹிட்லர் ஆட்சியில் உத்தியோகத்தை இழந்த ஆட்டோ பெட்மன், 1935இல் படங்கள் நிறைந்த இரண்டு பெரிய டிரங்குப் பெட்டிகளோடு நியூயார்க் வந்து இறங்கி, மறு வருஷமே பெட்மன் ஆவணக் காப்பகத்தை ஸ்தாபித்தார். அந்நாளில் ஒரு படம் வேண்டுமென்று ஒரு பத்திரிகை கேட்டால், எந்த இதழில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக, எத்தனை பிரதிகளில், எந்தத் தேசத்தில் என்று ஒவ்வொன்றாக விசாரித்த பிறகே விலை பேசுவார்கள். ஒரு முறை உபயோகிக்க ஒரு விலை. மறு முறைக்கு மறு விலை. தன் படம் எங்கே போகிறது, என்ன காரியத்துக்குப் போகிறது என்பதைப் புகைப்படக்காரர் அறிந்திருந்தார், அல்லது அறிய விரும்பினால் அறிந்துகொள்ள முடிந்தது.

அந்தப் பழைய முறை தன் அஸ்தமன காலத்தில் என்ன செய்ய வல்லதாயிருந்தது என்பதற்கு, உங்களில் ஒவ்வொருவரும் கண்ணால் கண்ட ஒரு படத்தையே உதாரணமாகக் காட்டுகிறேன். 1996ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், சார்லஸ் ஓ'ரியர் என்னும் புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவின் சொனோமா கவுண்டி வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். மழை பெய்து ஓய்ந்த சமயம். திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்துவிட்டமையால் அவற்றைப் பிடுங்கிப் போட்டிருந்த குன்றுச் சரிவில் வெறும் பசும்புல் முளைத்து நின்றது. மேலே நீல வானமும் வெண்மேகமும். அவர் காரை நிறுத்தி, மமியா கேமராவில் ஃபுஜி வெல்வியா ஃபிலிமை ஏற்றிச் சில படங்கள் எடுத்து, வெஸ்ட்லைட் என்ற ஸ்டாக் நிலையத்தில் சேர்த்துவிட்டுத் தம் வழியே போனார். 1998இல் அந்த நிலையத்தை பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2000இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தின் முழு உரிமையையும் கேட்டது. பேசப்பட்ட தொகை பெரிதாகையால் கூரியர் கம்பெனிகள் ஃபிலிமைச் சுமக்க மறுத்துவிட, அவரே விமானமேறி சியாட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, உலகத்துக் கம்ப்யூட்டர்களிலெல்லாம் அந்தப் பச்சைக் குன்று தோன்றியது. தொகை இவ்வளவென்று வெளியிடக் கூடாதென ஒப்பந்தம். எனினும் அது சென்ட் கணக்கில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் குன்று விலை போய்க்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான், முதல் மாறுதலாக, சொற்ப விலைக்குப் படங்களை விற்கும் மைக்ரோஸ்டாக் முறை கனடாவின் கால்கரி நகரில் உதயமாயிற்று. அதற்குப் பூர்வாங்கமாக, 1990களின் ஆரம்பத்தில் சியாட்டிலில் தோன்றிய ஃபோட்டோடிஸ்க் நிறுவனம், நூற்றுக்கணக்கான படங்களை ஒரே சி.டி.யில் அடைத்து, ஒரு முறை வாங்கியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்ற 'ராயல்டி ஃப்ரீ' ஏற்பாட்டைப் பரவச் செய்திருந்தது. எங்கே, எதற்கு, எத்தனை முறை என்ற கேள்விகள் அன்றே கைவிடப்பட்டன. புரூஸ் லிவிங்ஸ்டன் 2000இல் ஆரம்பித்த ஐஸ்டாக்ஃபோட்டோ முதலில் வியாபாரமாகக்கூட இல்லை; ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் தத்தம் படங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடமாகவே இருந்தது. இணையச் செலவு தாங்க முடியாமற் போகவே, சில சென்டுகள் விலை வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைப் படமெடுத்தவருக்குத் தந்தார்கள். 2003இல் கேனன் 300டி என்னும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஆயிரம் டாலருக்குள் கிடைக்கத் தொடங்கியதும், அதுவரை ஃபிலிம் செலவுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த குமாஸ்தாக்களும், மாணவர்களும், இல்லத்தரசிகளும் இந்தச் சந்தைக்கு வந்து குவிந்தார்கள். 2006இல் பெரிய ஸ்டாக் நிறுவனமான கெட்டி இமேஜஸ், ஐஸ்டாக்ஃபோட்டோவை ஐந்து கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

அதே 2006 ஜூனில் 'வயர்ட்' பத்திரிகையில் ஜெஃப் ஹவ் என்பவர் எழுதிய கட்டுரைதான் 'கிரவுட்சோர்சிங்' என்ற பதத்தை உலகுக்கு அளித்தது. அதில் அவர் காட்டிய முக்கியமான திருஷ்டாந்தம் ஐஸ்டாக்ஃபோட்டோவே. தொழில்முறைக்காரர் நூற்றுக்கணக்கில் டாலர் கேட்ட இடத்தில், அதற்குச் சமானமான படம் ஒரு டாலருக்குக் கிடைத்தது. 2009 ஏப்ரலில் 'டைம்' பத்திரிகை, சிக்கன வாழ்வைப் பற்றிய இதழின் அட்டையில், கண்ணாடி ஜாடியில் சில்லறை நிறைந்த படமொன்றை வெளியிட்டது. அதை எடுத்தவருக்குக் கிடைத்தது சுமார் 30 டாலர். தொழில்முறையாளர்கள் கொதித்தார்கள், எடுத்தவரோ 'டைம்' அட்டையில் தம் படம் வந்ததே பாக்கியம் என்று சந்தோஷப்பட்டார். இரு தரப்பாரும் தத்தம் நிலையில் நியாயமானவர்களே என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

இரண்டாவது மாறுதலை உண்டாக்கியவர் ஜான் ஓரிஞ்ஜர். கம்ப்யூட்டர் புரோகிராமரான அவர், தம் சொந்த வியாபாரங்களுக்குப் படங்கள் அகப்படாமல் அவதியுற்று, தாமே கேமராவைத் தூக்கிக்கொண்டு சுமார் 30,000 படங்கள் எடுத்து, 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். மாதச் சந்தா கட்டியவர் தினந்தோறும் இத்தனை படங்கள் என்று அள்ளிக்கொண்டு போகலாம் என்பது அன்றைய ஏற்பாடு. எடுத்தவருக்கு ஒரு பதிவிறக்கத்துக்குச் சுமார் கால் டாலர் கிடைத்தது. இதன்பின், வாங்குகிறவன் ஒரு படத்தைப் பார்த்து இதற்கு இன்ன விலை தகும் என்று யோசிப்பதே இல்லாமல் போயிற்று. அவன் வாங்குவது சந்தா. படம் அதில் அடங்கியது. 2012இல் அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. ட்ரீம்ஸ்டைம், 123ஆர்எஃப், ஃபோட்டோலியா, டெபாசிட்ஃபோட்டோஸ் என்று பலவும் இதே வழியில் நடந்தன. ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்கிய அடோபி, 2015இல் அதை அடோபி ஸ்டாக் ஆக்கியது.

கால் டாலருக்குப் படத்தை விற்பதா என்று பதறுகிறவர்களுக்கு இத்தொழிலின் சூத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரே சமயத்தில் ஒரு குடும்பந்தான் குடியிருக்க முடியும். படத்திலோ ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் குடியேறலாம், வீடும் தேய்வதில்லை. ஆயிரம் பதிவிறக்கத்துக்கு, கால் டாலர் வீதம் 250 டாலர் ஆகிறது. ஒரு படம் ஆயிரம் முறை இறங்குவது அபூர்வம். ஒரு முறைகூட இறங்காமல் கிடக்கும் படங்களே மிகுதி. ஆயினும் நல்ல படங்கள் நாம் தூங்கும்போதும் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும் என்பது பொய்யன்று. யூரி ஆர்க்கர்ஸ் என்னும் டேனிஷ்காரர் மாடல்களும் உதவியாளர்களும் கொண்ட ஒரு தொழிற்சாலையாகவே இதை நடத்தி, உலகிலேயே அதிகமாக விற்பவர் என்று பிரசித்தி பெற்றார்.

ஆனால் வாடகையை நிர்ணயிப்பவர் வீட்டுக்காரரல்லர். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் புதியதொரு விகிதத்தை அறிவித்தது. அதுவரை, ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த மொத்தத் தொகைக்கேற்ப உயர்ந்த பங்கு, அன்று முதல் 15 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை ஆறு படிகளாக அமைந்தது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லாரும் மறுபடி முதற்படிக்கு இறங்கிவிட வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். முன்பு சொன்ன அதே ஆயிரத்துக்கு இப்போது 100 டாலர்தான் உறுதி. பல தேசத்துப் புகைப்படக்காரர்கள் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நீக்கி எதிர்ப்புக் காட்டினார்கள். விகிதம் மாறவில்லை. ஒரே ஊரில் இல்லாத, ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராத தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அன்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மஞ்சள் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர மேஜையில் வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து வளைத்து விரித்து, கோடு தெரியாதபடி பின்னணி அமைத்து, எதிர்ப்புறம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தி நிழலைத் தணிக்கிறேன். ஈரோட்டு விரலி மஞ்சளில் நான்கைந்து முழுக் கிழங்கு, குறுக்கே நறுக்கிய ஒரு துண்டு, அருகில் ஒரு சிட்டிகைத் தூள். டிரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11. வலப் பக்கம் முழுவதையும் வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். அங்கே எழுத்தைப் பதிக்கப் போகிறவர் யாரோ, எழுதப் போவது என்ன மொழியோ, நான் அறியேன். படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பார்க்க வேண்டும். சென்சாரில் ஒட்டிய ஒரு தூசி, ஓரத்தில் ஊதா நிறக் கசிவு, குறி தப்பிய கூர்மை, இவற்றில் ஏதேனும் ஒன்றிருந்தாலும் நிறுவனத்தின் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். பொட்டலத்தின் மேல் ஒரு கம்பெனிப் பெயர் அரைகுறையாகத் தெரிந்தாலும் அதே கதிதான்.

இவ்வளவும் பாதி வேலை. மீதிப் பாதி, சொற்களில் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 50 குறிச்சொற்கள் வரை கொடுக்கலாம். மஞ்சள், கிழங்கு, மசாலா என்று நம் மனத்தில் தோன்றுவதை எழுதினால் போதாது. 'குர்க்குமா லாங்கா' என்ற தாவர சாஸ்திரப் பெயரையும், ஹிந்தியில் வழங்கும் ஹல்தியையும், ஆயுர்வேதத்தையும் சேர்க்க வேண்டும். ஹாம்பர்க் நகரத்தில் மூட்டுவலி மாத்திரைக்கு உறை தயாரிக்கும் ஒருத்தி எந்த வார்த்தையைத் தட்டச்சு செய்வாள் என்று நான் ஊகிக்க வேண்டும். அவளும் நானும் ஜன்மத்தில் சந்திக்கப் போவதில்லை. என் பெயரை அவள் பார்க்கவும் போவதில்லை. அவளுடைய தேவையை அவளுக்கு முன்பே உணர்ந்து, அவளுக்காக வலப் பக்கம் இடம் விட்டு வைப்பதுதான் இத்தொழிலின் சாமர்த்தியம் முழுவதும். காட்சியின் சௌந்தரியம் இதற்கு உபகாரமாகலாம். பல சமயங்களில் இடைஞ்சலாகவும் ஆகிவிடுவதுண்டு.

பொருள்களை விட்டு மனிதர்களிடம் வந்தால் காரியம் கடினமாகிறது. அடையாளம் தெரியும்படி ஒருவர் முகம் படத்தில் இருந்தால், அதை விளம்பரத்துக்கு விற்க அவர் கையொப்பமிட்ட 'மாடல் ரிலீஸ்' பத்திரம் அவசியம். கையொப்பம் இல்லையேல், செய்திக்கும் பாடத்துக்கும் மட்டுமே உதவும் 'எடிட்டோரியல்' வகையில், ஊரும் தேதியும் குறித்து விற்கலாம். திருவிழாக் கூட்டமும் ஜல்லிக்கட்டும் அந்த வகையில்தான் போகின்றன. கட்டடங்களுக்கும் கலைப்பொருள்களுக்கும்கூடக் கட்டுப்பாடு உண்டு. பகலில் ஈஃபில் கோபுரத்தை எவரும் எடுத்து விற்கலாம். இரவில் அதன் விளக்கு அலங்காரத்துக்குத் தனிப் பதிப்புரிமை இருப்பதால் அனுமதியின்றி விளம்பரத்துக்கு விற்க முடியாது.

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் நான் அந்தப் பத்திரத்தை நீட்டி விளக்கினேன். அவர் கை நூலை விடாமலே, "ஏப்பா, இந்தப் படத்தை எங்கிட்டுப் போடுவீக?" என்று கேட்டார். "எங்கிட்டுன்னு எனக்கே தெரியாது ஆத்தா. காசு குடுத்து யாரு வேணும்னாலும் வாங்கிப் போட்டுக்கலாம்" என்றேன். அவர் சற்று யோசித்து, "அப்ப மூஞ்சி வேணாம், கையை மட்டும் புடிச்சுக்க. நோக்காட்டு மருந்துக்கு என்னயச் சீக்காளியாப் போட்டு வச்சா, என் மருமக என்னப்பா சொல்லுவா?" என்றார். ஒருவரை நோயாளியாகவோ, கட்சி ஆதரவாளராகவோ, இழிவான பொருள்களுக்குச் சிபாரிசு செய்பவராகவோ காட்டலாகாது என்று பெரும்பாலான நிறுவனங்களின் உரிம விதிகள் பல பக்கங்களில் சொல்லியிருப்பதை, அவர் ஒரே கேள்வியில் கண்டுகொண்டார். விதி இருப்பது வேறு. உலகெங்கும் அது அனுசரிக்கப்படுகிறதா என்று காவலிருப்பது வேறு. அவர் சொன்னபடி கைகளை மட்டுமே எடுத்தேன். அந்தப் படம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

அவருடைய பயம் அனாவசியமன்று என்பதற்கு ஹங்கேரியைச் சேர்ந்த ஆண்ட்ராஷ் ஆராத்தோவே சாட்சி. ஓய்வுபெற்ற மின்பொறியாளரான அவருடைய உல்லாசப் பயணப் படங்களைக் கண்ட ஒரு புகைப்படக்காரர், ஸ்டாக் படங்களுக்கு நிற்கும்படி அழைத்தார், அவரும் சம்மதித்தார். சில காலம் கழித்து, தம் முகம் எங்கெல்லாம் இருக்கிறதென்று இணையத்தில் தேடியபோது, வைத்தியராகவும் பேராசிரியராகவும் தாம் உலாவுவதோடு, வேதனையை மறைத்துச் சிரிக்கும் 'ஹரால்ட்' என்ற பெயரில் உலகமே தம்மைக் கேலிச் சித்திரமாக்கிக்கொண்டிருப்பதையும் கண்டார். முதலில் மனம் நொந்தவர், பிற்பாடு அதையே ஏற்றுக்கொண்டு மேடைகளில் நகைச்சுவையோடு பேசலானார். ஸ்பெயின் தேசத்து அன்டோனியோ கியெம் 2015இல் ஹிரோனா நகரத் தெருவில் எடுத்த, காதலி அருகிருக்க வேறொருத்தியைத் திரும்பிப் பார்க்கும் வாலிபனின் படமும் இப்படியே 2017இல் உலகப் பிரசித்தி பெற்றது. கேலிக்கு உபயோகித்த எண்ணற்றவர்களில் பணம் கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

இத்தகைய படங்களால் உலகத்தைப் பற்றிய நம் எண்ணமே உருவாகிறது என்பதையும் மறக்கலாகாது. கைகுலுக்கும் இரு வியாபாரிகள், சாலட் கிண்ணத்தைப் பார்த்துத் தனியே சிரிக்கும் பெண், வெள்ளைக் கோட்டு அணிந்த வெள்ளைக்கார வைத்தியர் என்று விற்பதையே மறுபடி மறுபடி எடுத்துக் குவித்ததால், விற்காத முகங்கள் இல்லாத முகங்களாயின. 2014இல் கெட்டி இமேஜஸ், பெண்களின் முன்னேற்றத்துக்கு உழைக்கும் லீன்இன் அமைப்போடு சேர்ந்து, வேலை செய்யும் பெண்களை இயல்பாகக் காட்டும் படத் தொகுதி ஒன்றை வெளியிட்டது இந்தக் குறையை ஒப்புக்கொண்டதற்குச் சமானம். நம் தேசத்தில் மும்பையின் டினோடியா 1987 முதலும், சந்தீப் மகேஷ்வரியின் இமேஜஸ் பஜார் 2006 முதலும் இந்திய முகங்களைச் சேகரித்து வந்திருக்கின்றன. ஆயினும் பொங்கலன்று வாசலில் இட்ட புள்ளிக் கோலம் தீபாவளி ரங்கோலி என்ற குறிப்போடு விற்பனைக்கிருப்பதை நான் கண்டிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் அடுத்து நடக்கப் போவது என்ன, பத்தமடையில் பாய் நெய்யக் கோரையை எப்படிக் கிழிக்கிறார்கள், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் எந்த மேஜையில் எந்த வேலை நடக்கிறது என்பதை அறிந்தவர் நம்மில்தான் இருக்கிறார்கள். தப்பான குறிப்போடு பிறர் விற்பதற்கு முன், சரியான குறிப்போடு நாம் எடுத்து வைப்பது வியாபாரத்துக்கும் நல்லது, சத்தியத்துக்கும் நல்லது.

மூன்றாவது மாறுதல் நம் கண்முன்னே நடப்பது. 2013இல் மான்ட்ரியாலில் தோன்றிய அன்ஸ்பிளாஷ், அனுமதியின் விலையைப் பூஜ்யமாக்கியது. 2021இல் கெட்டி இமேஜஸே அதை வாங்கிக்கொண்டது. பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. 2022 அக்டோபரில் ஷட்டர்ஸ்டாக், ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்ததை அறிவித்து, இயந்திரத்துக்குப் பயிற்சியளிக்க உதவிய படங்களின் சொந்தக்காரர்களுக்கென ஒரு நிதியும் ஏற்படுத்தியது. 2023 மார்ச்சில் வெளிவந்த, படம் புனையும் அடோபியின் இயந்திரமான ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக்கில் சேர்ந்திருந்த படங்களைக்கொண்டு பயின்றது. கெட்டி இமேஜஸோ, தன் படங்களைக் கேளாமல் எடுத்துத் தன் இயந்திரத்தைப் பயிற்றியதாக ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது 2023இன் தொடக்கத்தில் லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்குத் தொடுத்தது. இயந்திரம் புனைந்த சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க் சிதைந்த வடிவில் தோன்றியதும் அதற்கு ஓர் ஆதாரமாயிற்று. 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், வர்த்தகக் குறி சம்பந்தமாகச் சொற்ப அளவில் மட்டும் கெட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, பதிப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. இதற்கிடையே 2025 ஜனவரியில், கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாய் இணையப் போவதாக அறிவித்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 2010ஆம் வருஷத்தில் மஞ்சள் கிழங்குப் படத்தை ஏற்றிய ஒருவர், அதைப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் அனுமதி கொடுத்ததாகவே நினைத்தார். அவர் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின் விரிந்த வாசகத்துக்குள், அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு மஞ்சள் கிழங்கை வரையக் கற்றுக்கொள்ளும் இயந்திரமும் நுழைந்துகொண்டது. ஒரு முறை உபயோகம் என்பது எத்தனை முறையும் என்றாகி, எத்தனை முறையும் என்பது சந்தாவுக்குள் அடங்கி, கடைசியில் படமே வேண்டாம், அதிலுள்ள அறிவு மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நாம் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியே வந்திருக்கிறோம்.

அப்படியானால் இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று கேட்பீர்கள். உபதொழிலாக இறங்கலாம், ஒரே ஜீவனோபாயமாக நம்பி, இருக்கும் உத்தியோகத்தை விட வேண்டாம். கூர்மை, வெளிச்சம், நேர்த்தி ஆகியவற்றில் சலுகை காட்டாத பரிசோதகர்களிடம் படிப்பது எந்தப் பாடசாலைக்கும் குறைந்ததன்று. வருகிற வரவுக்கு நிபந்தனைகளும் உண்டு: சேர்ந்த தொகை ஒரு குறைந்தபட்ச அளவை எட்டினால்தான் அனுப்புவார்கள், அமெரிக்க நிறுவனங்களுக்கு 'டபிள்யூ-8பென்' படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால், அந்தத் தேசத்தில் விற்றதற்கு இரு தேசங்களின் வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமும், கொடுக்கத் தவறினால் 30 சதவீதமும் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கு மேல் உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது சில காரியங்களே. ஒப்பந்தத்தை முழுவதும் வாசியுங்கள்; இயந்திரப் பயிற்சிக்கு உங்கள் படங்களைத் தர மறுக்கும் வாய்ப்பு எங்கே அளிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே அதைத் தேடிப் பார்த்து, யோசித்து முடிவு செய்யுங்கள். ஒரே நிறுவனத்துக்கு எல்லாப் படங்களையும் கட்டுப்படுத்தும் பிரத்தியேக ஒப்பந்தத்துக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் ஆத்மார்த்தமான படைப்புகளை இந்தச் சந்தையில் கொட்டாமல், கண்காட்சிக்கும் புத்தகத்துக்கும், முறைப்படி விலை பேசும் பதிப்பாளருக்கும் வைத்திருங்கள். குறிப்பு எழுதும்போது ஊர், பெயர், தொழில் எதையும் ஊகத்தால் எழுதாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருடைய முகத்தை எடுக்கும்போது, ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்திரத்தை நீட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு போய்விடாமல், அதில் எழுதியிருப்பதைத் தமிழில் அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். 'எங்கே வருமென்று எனக்குத் தெரியாது' என்ற உண்மையையும் சேர்த்தே சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவர் சம்மதித்தால் எடுங்கள். மறுத்தால் நன்றி சொல்லி நகருங்கள். நம்மிடம் பெரிய நிறுவனங்கள் எந்த நேர்மையை அனுசரிக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அந்த நேர்மையை முதலில் நாம் பிறரிடம் அனுசரிக்கக் கடமைப்பட்டவர்கள்.